காலடிக்கு ஒரு நாள் பின்னால்

மருதங்கரைக்கு ஆற்றோரப் பாதையில் நடந்து வருகிறவர்களின் காலடிச் சத்தம் அவர்களுக்கு ஒரு நாள் முன்னாலேயே ஊருக்குள் வந்துவிடும் என்பதால், அந்தப் பாதையில் வந்த எந்த விருந்தாளியும் எங்களைச் சோறில்லாமல் சங்கடப்படுத்தியது கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் ஆற்றின் வளைவில் செருப்புச் சத்தம் கேட்கும். அது மருத மரத்தைத் தாண்டும், வழுக்குப் பாறையில் ஏறி இறங்கும், துறையைக் கடந்து, ஊரின் முதல் கட்டடமான மாவு மில் வாசலில் வந்து நிற்கும். எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காது. மறுநாள் அதே நேரத்துக்கு, அதே நடையில், அந்த ஆள் வந்து நிற்பார். தேனாச்சி ஆறு மலையை விட்டு இறங்குகிற அவசரத்தில் சத்தத்தை மட்டும் முந்தி இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். உலையில் எத்தனை பேருக்கு அரிசி போடவேண்டும் என்பது தெரிந்துவிட்ட பிறகு காரணம் எதற்கு என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருக்குக் கால் வலி, யார் விருப்பமில்லாமல் கடைசியில் வருகிறார் என்பதெல்லாம் எங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். கிரீச்சிடும் தோல் செருப்பு போட்ட ஒரு மாமா உண்டு, வந்தால் லேசில் கிளம்பமாட்டார். அந்தக் கிரீச் கேட்டதும் விடிகாலை பஸ்ஸில் ஒரு குடும்பமே திருச்செந்தூருக்குக் கிளம்பிவிடும். அந்தப் பக்கம் தார் ரோட்டில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு மட்டும் முன்னறிவிப்பு கிடையாது. அவர்களுக்குக் காப்பியோடு சரி.

ஒரே ஒரு குறை உண்டு. வெறுங்காலின் சத்தம் முன்னால் வராது. செருப்போ, குளம்போ, கம்போ தரையில் தட்டினால்தான் வரும். பங்குனி உத்திரத்துக்கு மலைமேல் சாஸ்தா கோயிலிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வருகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து குவிந்துவிடுவார்கள், வருஷம் தவறாமல் சோறு பற்றாமல் போகும், வருஷம் தவறாமல் அடுத்த தடவை கூடப் போடணும் என்று பேசிக்கொண்டு வருஷம் தவறாமல் மறந்துபோவோம்.

இதிலெல்லாம் எங்களுக்கு ஓர் ஆச்சரியமும் இருந்ததில்லை. நாங்கள் வாயைப் பிளந்தது உலகம்மாள் நடக்க ஆரம்பித்தபோதுதான்.

உலகம்மாள் மாவு மில் ஆவுடையப்பனின் பெண்சாதி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு சம்மணம் கூட்டிப் பீடி சுற்றியவள். இரண்டு பெண்களைப் பெற்றதும் வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தத் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துதான். இருமல் வந்து, இனிமேல் புகையிலைத் தூள் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தாள், தட்டைப் பரணில் தூக்கிப் போட்டாள், காலை நீட்டினாள். கால் நீளவில்லை. அத்தனை வருஷம் மடங்கிக் கிடந்தது ஒரே நாளில் எப்படி நீளும்? சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தாள், அப்புறம் துறை வரை, அப்புறம் மருத மரம் வரை, அப்புறம் வளைவு வரை. கடைசியில் ஒரு நாள் காலை பஸ்ஸில் மலைமேல் இருக்கும் மேலாத்தூருக்குப் போய் இறங்கி, ஆற்றோரமாகவே நடந்து, நடுவழியில் மண்டபத்தடியில் தன் சித்தி மகள் வீட்டில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்தாள்.

மேலாத்தூரில் துட்டி கேட்கவேண்டிய சாவு வீடா என்றால் இல்லை. நேர்ச்சையா என்றால் இல்லை. ஆடு வாங்கப் போனாளா என்றால் அதுவும் இல்லை. "சும்மா நடந்தேன்" என்றாள். சத்தம் முன்னால் வருவதைக்கூட ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்ட ஊர் எங்களுடையது. வேலைவெட்டி இல்லாமல் ஒரு பெண்பிள்ளை ஆற்றோரம் நடக்கிறாள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வெகுநாளாயிற்று.

அதுவும் அவளுடைய சத்தம் மற்றவர்களுடையது மாதிரி இல்லை. எல்லாருடைய காலடியும் வளைவில் தொடங்கினால் மில் வாசலில்தான் ஓயும். இவளுடையது நடுவில் நின்றுவிடும். மருத மரத்தடியில் வந்து சத்தம் நின்றுபோகும். கேட்டுக்கொண்டிருக்கிற நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நெடுநேரம் கழித்து மறுபடி கிளம்பும். பாறையில் ஒரு நிற்பு. துறையில் ஒரு நிற்பு. "நடக்கவ ஏன் நிக்கணும், நிக்கவ ஏன் நடக்கணும்?" என்று கேட்டாள் அடுத்த வீட்டுப் பகவதி. அவளும் பீடி சுற்றுகிறவள்தான். கேட்டதோடு விடாமல் மறுநாள் சாயங்காலம் தட்டைக் கீழே வைத்துவிட்டு மருத மரத்தடிக்கே போய்ப் பார்த்தாள். உலகம்மாள் அங்கே எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கரை மண்சுவரில் ஒரு பொந்து. அதற்குள் ஒரு மீன்கொத்தி நீலமாகப் புகுந்தது, வெளியே வந்தது, மறுபடி புகுந்தது.

"இதுக்கா நிக்க?" என்றாள் பகவதி.

"உள்ள குஞ்சு இருக்கு மைனி. செத்த பேசாம இரு, கேக்கும்."

பகவதி பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தாள் என்பதை ஊர் நம்ப இன்னும் கொஞ்சநாள் பிடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் போனோம். பாறையில் எதற்கு நிற்கிறாள் என்று போய், அங்கே ஆறு ஒரு பள்ளத்தில் விழுந்து கீழே பேசிக்கொண்டே போவதைக் காது வைத்துக் கேட்டோம். துறையில் எதற்கு என்று போய், முழங்கால் தண்ணீரில் நின்று, அயிரை மீன்கள் காலைக் கடித்த கூச்சத்தில் வயசை மறந்து கத்தினோம். இத்தனை காலமும் அந்த வழியாகத்தான் துணி துவைக்கப் போனோம், மாடு குளிப்பாட்டப் போனோம். மீன்கொத்தி எங்கள் ஊர்க்காரன் என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

ஊர் மாறியும் ஆவுடையப்பன் மாறவில்லை. அவர் மில்லை விட்டு எங்கும் போகாதவர். நடந்தால் குனிந்த தலை நிமிராமல், பெல்ட் அறுந்து ஓடுவது போல ஓடித் திரும்புவார். பெண்சாதி மேலே போன மறுநாள் பொழுது சாய்கிற நேரம் மட்டும் மில்லை நிறுத்திவிடுவார். மில் ஓடினால் காலடி கேட்காது. மிளகாயும் மல்லியும் சுமந்து வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள், அவர் வாசலில் போய் நிற்பார். சத்தம் வந்து நின்று நின்று கடந்து வாசலை அடைந்ததும், "நாளைக்கு வந்துருவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி மோட்டாரைப் போடுவார். வாய்தான் ஏசும். ஒரு மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது சாக்கு கட்டுகிற சணல் கயிற்றால் அவள் பாதத்தை அளந்து, அந்தக் கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் போய், நடக்கிறவர்கள் போடுகிற ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்தார். சணல் கொஞ்சம் இழுபட்டிருக்க வேண்டும். ஷூ பெரிதாக இருந்தது. "வளருத பிள்ளைக்கு வாங்குனியளா?" என்று ஊரே கேட்டது. உலகம்மாள் முன்பக்கம் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்திருந்தபோது அவள் மறுபடி கிளம்பினாள். மழை வெறித்த பிறகு போகலாமே என்று அவர் சொன்னார், மழையில் ஆறு எப்படி இருக்கும் என்று பார்க்கத்தானே போகிறேன் என்று அவள் சொன்னாள். பேச்சு வளர்ந்தது. பஸ் வந்து நிற்கும்போது அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"கால ஒடிச்சுக்கிட்டுக் கெடந்தாத்தான் ஒனக்குப் புத்தி வரும்."

"ஒடிஞ்சா தவந்து வந்து சேந்துருதேன். நீங்க போயி மில்லப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே அவள் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கு இரவு மலையில் கொட்டித் தீர்த்தது. மறுநாள் வந்த பஸ் கண்டக்டர், மேலே ஆற்றுப் பாதையில் ஓரிடத்தில் பாறை சரிந்து விழுந்திருக்கிறதாம் என்றார். மண்டபத்தடிக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. ஆவுடையப்பன் மத்தியானமே மில்லை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு பேர் தேடிக்கொண்டு வளைவைத் தாண்டிப் போனார்கள். ஓடை உடைத்துக்கொண்டு பாதையை மூடி ஓடியதால் திரும்பி வந்தார்கள். இனி காதை நம்புவதைத் தவிர வழியில்லை. ஊரில் ரேடியோவை நிறுத்தினோம், டிவியை நிறுத்தினோம், குரைக்கிற நாய்க்குச் சோற்றைப் போட்டு வாயை அடைத்தோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் வளைவில் கேட்டது. ஷூ ஒன்று தரையில் விழுந்தது. அடுத்து ஷூ இல்லை. கம்பு ஒன்று டொக்கென்று ஊன்றியது. மறுபடி ஷூ. மறுபடி கம்பு. ஒரு கால், ஒரு கம்பு, ஒரு கால், ஒரு கம்பு என்று அது வந்துகொண்டே இருந்தது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டே இருந்தோம். எங்கள் ஊரில் கேட்ட சத்தம் நடக்காமல் போனது இல்லை. ஆவுடையப்பன் மில் கதவைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்" என்றார்.

அப்போது சத்தம் மருத மரத்தடிக்கு வந்தது. வந்து நின்றது.

விழுந்துவிட்டாளோ என்று நினைத்தோம். நெடுநேரம். பிறகு கிளம்பி, பாறைக்கு வந்து, அங்கேயும் நின்றது. துறையில் இன்னும் அதிக நேரம் நின்றது. ஆவுடையப்பனின் கை கதவை விட்டது. அவர் கண்ணிலிருந்து வழிந்தது, ஆனால் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"நிக்கா" என்றார். "காலு போயும் நின்னு பாத்துக்கிட்டுல்லா வாரா. அப்பம் உசுரும் மனசும் பத்திரமா இருக்கு. போதும், போனது போட்டும்."

அந்த ஒரு பேச்சுதான் எங்களை அழவிடாமல் வேலைக்குத் தள்ளியது. விடிந்ததும் ஊரே வேலையில் இறங்கியது. கொத்தனார் சேசையா மில்லை ஒட்டிய அவர்கள் வீட்டு வாசற்படிகளை உடைத்துவிட்டு, ஒற்றைக்காலோடு ஏற வசதியாகச் சிமெண்டில் சரிவு போட்டார். பகவதி நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், குனியாமல் சமைக்கும் உயரத்துக்கு அடுப்பு மேடையைத் தூக்கிவைத்தாள். குத்தாலிங்கம் ஆசாரி கக்கத்தில் வைத்து ஊன்றி நடக்க வேங்கை மரத்தில் ஒரு கட்டை செய்ய உட்கார்ந்தார். அவள் என்ன உயரம் என்று கேட்டதற்கு ஆவுடையப்பன் தன் தோளைத் தொட்டு, "இங்கன வருவா" என்றார். போனது இடது காலா வலது காலா என்று டீக்கடையில் ஒரு சண்டை கிளம்பி, ஷூ எந்தப் பக்கம் கேட்டது என்று ஆளுக்கொரு பக்கம் சொல்லி, எந்தக் கையிலும் பிடிக்கும்படி கட்டையைச் செய்துவிடுகிறேன் என்று ஆசாரி சொன்ன பிறகுதான் அடங்கியது.

கடைசியாக ஒரு தீர்மானமும் போட்டோம். பகவதிதான் சொன்னாள்: "வந்ததும் ஒருத்தரும் அழப்படாது. ஒருத்தரும் குனிஞ்சு காலப் பாக்கப்படாது. மூஞ்சிய மட்டும் பாக்கணும்." எல்லாரும் ஒப்புக்கொண்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழகிக்கொள்ளவும் செய்தோம்.

பொழுது சாயும்போது, நேற்றுக் கேட்ட மாதிரியே, ஷூவும் கம்புமாக உலகம்மாள் வளைவில் வந்தாள். மருத மரத்தடியில் நின்றாள். பாறையில் நின்றாள். துறையில் நின்றாள். நாங்கள் யாரும் எதிர்கொண்டு ஓடவில்லை. நிற்கிறவளை நிற்கவிட வேண்டும் என்று ஆவுடையப்பன் சொல்லியிருந்தார். பிறகு அவள் மில் வாசலுக்கு வந்தாள், ஊரே அவள் முகத்தைப் பார்த்தது. கழுத்துக்குக் கீழே ஒரு கண்ணும் இறங்கவில்லை. நனைந்து, கறுத்து, தலையில் ஓர் இலை ஒட்டியிருக்க, அந்த முகம் நன்றாகத்தான் இருந்தது.

"வா உலகு" என்றார் ஆவுடையப்பன், அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டு.

"வாரேன். என்னத்துக்கு எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கிய? அசிங்கமா ஏதும் ஒட்டியிருக்கா?"

பகவதி தான் போட்ட தீர்மானத்தைத் தானே உடைத்து, ஓவென்று அழுது அவளைக் கட்டிக்கொண்டாள். குத்தாலிங்கம் ஆசாரி மேகத்தைப் பார்த்தபடி கட்டையை நீட்டினார். "வேங்கை மரம்மா. ஆயுசுக்கும் ஒழைக்கும்."

உலகம்மாள் கட்டையை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எனக்கெதுக்கு இது?" என்று கேட்டபடியே, புதிதாக முளைத்திருந்த சரிவில் நாலு எட்டு ஏறி நின்றாள்.

நாலு எட்டு. ஒரு எட்டில் ஷூ விழுந்தது. அடுத்த எட்டு ஈரச் சிமெண்டில் சதக்கென்று விழுந்தது. ஆவுடையப்பன் அப்போதுதான் குனிந்தார். ஷூ போட்ட ஒரு கால். அதன் பக்கத்தில், சேறும் சருகும் அப்பி, ஐந்து விரலும் விரிந்து, வெறுமையாக இன்னொரு கால். எங்கள் ஊருக்கு வெறுங்கால் தெரியும், செருப்புக்கால் தெரியும். ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டுமாக நடந்து வருவாள் என்று ஒருவருக்கும் தோன்றாமல் போனது.

அவர் அப்படியே ஈரச் சிமெண்டில் உட்கார்ந்து, அந்த வெறுங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதில் துறையோரத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"ஏட்டி, இன்னொரு சூ எங்க?"

"ஏசப்படாது."

"ஏசல. சொல்லு."

"மண்டபத்தடிக்குக் கீழ ஒரு கெடங்கு இருக்குல்லா, அங்கன தண்ணியில காலப் போட்டு உக்காந்திருந்தேன். பெருசாத்தான வாங்கிக் குடுத்திய, ஒண்ணு நழுவித் தண்ணிக்குள்ள போயிட்டு. எடுக்கலாம்னு பாத்தா ஒரு நீர்நாய் வந்து தூக்கிட்டு. அதுக்கு மூணு குட்டி. அதுல ஒரு குட்டி சூவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு எடுக்கத் தெரியாம முழிக்கி. மத்தது ரெண்டும் அதப் புடிச்சு இழுக்கி. தாயி பாறையில கெடந்து பாத்துக்கிட்டே இருக்கு. நான் போயிப் புடுங்கவா முடியும்? பொழுது போனதே தெரியல. பாறை சரிஞ்சது அதுக்கும் மேல, நான் தாண்டி வந்த பொறவுதான் சரிஞ்சிருக்கு."

"மிச்சத்தையும் கழட்டிக் கையில எடுத்துட்டு வந்திருக்கப்படாதா?"

"நீங்க கயிறு வச்சு அளந்து வாங்குனது. ரெண்டையும் தொலைச்சுட்டேன்னு நெனச்சுட்டா? அதான் வெறுங்காலுக்குக் கம்ப ஊனிக்கிட்டு, ஒண்ணையாது போட்டுக்கிட்டே வந்தேன்." அவள் சற்று நிறுத்தி, பாதத்தை அவர் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. மண்ணுல கெடந்த காலுதான் நல்லா நடந்துச்சு."

வேங்கைக் கட்டையில் இப்போது பகவதி கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். உயர்ந்த அடுப்பு முதுகுக்குச் சுகமாக இருக்கிறது என்று நாலு வீட்டில் அதே மாதிரி கட்டிக்கொண்டார்கள். சரிவில் அரிசி மூட்டையை உருட்டி ஏற்றுவது சுலபமாகிவிட்டது. அதில் ஒரு ஷூத் தடமும் ஒரு வெறுங்கால் தடமும் அழியாமல் கிடக்கின்றன, பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்த தடமும்.

தை பிறந்ததும் ஆவுடையப்பன் மில்லைப் பூட்டினார். அவர் மில்லைப் பூட்டி நாங்கள் பார்த்ததில்லை. தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, பக்கத்தில் உலகம்மாள், அவள் காலில் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் காலை பஸ்ஸில் மேலாத்தூர் போனார்கள்.

மறுநாள் பொழுது சாயும்போது நாங்கள் எல்லா வேலையையும் போட்டுவிட்டு மில் வாசலில் கூடினோம். வளைவில் சத்தம் கேட்டது. ரப்பர் செருப்பு மட்டும். வேறெதுவும் இல்லை. ஒற்றை ஆளாக அது வந்துகொண்டிருந்தது, குனிந்த தலை நிமிராத மனுஷனின் அந்தப் பழைய அவசரம் அதில் இல்லை. மருத மரத்தடிக்கு வந்தது.

நின்றது.

மீன்கொத்தி உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகிற நேரம் நின்றது. அதற்கு மேலும் நின்றது. எங்களில் யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

பகவதி வீட்டுக்குள் போய் இரண்டு பேருக்கு அரிசி அளந்து ஊறப்போட்டாள்.